இமாட்டினிப் அளவு இடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைத் தேடும் வழி

நாள்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் சாப்பிடுகிறவரின் பிளாஸ்மாவில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று மாஸ் ஸ்பெக்கில் பார்க்கும் ஆய்வகத்தாருக்காக இதை எழுதுகிறேன். காட்பாடி, வேலூர் பக்கம் வேலை செய்கிறவர்களை மனதில் வைத்து எழுதுவதால் வெயில், கரண்ட், சித்தூர் பஸ் எல்லாம் நடுநடுவே வரும். மற்ற ஊர்க்காரர்கள் அவற்றைத் தாண்டிப் படித்துக்கொள்ளலாம்.

எந்த முறையை வைத்துப் பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 100 மைக்ரோலிட்டர் பிளாஸ்மாவில், ஐ.எஸ். (இன்டர்னல் ஸ்டாண்டர்ட், எல்லாச் சாம்பிளிலும் ஒரே அளவில் சேர்க்கும் ஒப்பீட்டுப் பொருள்) கலந்த அசிட்டோநைட்ரைலை 300 மைக்ரோலிட்டர் ஊற்றிப் புரதத்தை வீழ்த்துகிறோம். வோர்டெக்ஸ், சென்ட்ரிஃபியூஜ் முடிந்ததும் மேல்தெளிவை எடுத்துத் தண்ணீர் சேர்த்து நீர்த்து, சி-18 காலத்தில் (column, பொருள்களைப் பிரிக்கும் குழாய்) ஏற்றுகிறோம். பாசிட்டிவ் எலக்ட்ரோஸ்பிரேயில் மருந்துக்கு 494→394, ஐ.எஸ்.ஸான இமாட்டினிப்-டி8க்கு (எட்டு ஹைட்ரஜனுக்குப் பதில் டியூட்டீரியம் ஏறியது) 502→394. முதல் எண் முழு அயனியின் நிறை, இரண்டாவது அது உடைந்த துண்டின் நிறை; இப்படி ஒவ்வொரு ஜோடியும் ஒரு சேனல். கேலிப்ரேஷன் (அளவு தெரிந்த சாம்பிள்களான கேலிப்ரேட்டர்களை வைத்து வரையும் கோடு) மில்லிலிட்டருக்கு 50 முதல் 5000 நானோகிராம் வரை. உங்கள் முறை கொஞ்சம் மாறியிருந்தாலும் கீழே உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும்.

கருவியைத் திறக்கும் முன்

எண் சரியில்லை என்றதும் சோர்ஸை (சாம்பிள் ஸ்பிரேயாகி அயனாகும் பகுதி) கழற்றிச் சுத்தம் செய்ய ஓடுவது நம் ஆட்களின் வழக்கம். அது பாதி நாள் வேலை. முடித்த பிறகும் பழைய கதைதான் என்று தெரியும்போது சாயங்காலம் ஆகியிருக்கும். அதற்கு முன் செய்ய ஒரு வேலை உண்டு. அந்த பேட்ச்சின் ஐ.எஸ். பரப்பளவுகளை இன்ஜெக்ட் ஆன வரிசையில் ஒரே படமாகப் போடுங்கள். மென்பொருள் எல்லாவற்றிலும் இந்த வசதி இருக்கிறது, யாரும் திறப்பதில்லை.

கோடு சமமாக ஓடினால் கருவி மேல் சந்தேகம் வேண்டாம். பிழை ஸ்டாக் கரைசலிலோ ரத்தம் எடுத்த டியூபிலோ நோயாளியின் மாத்திரை நேரத்திலோ இருக்கிறது. கோடு முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகச் சரிந்தால் சோர்ஸ் அழுக்காகிறது. ஒரே ஒரு புள்ளி மட்டும் கீழே கிடந்தால் அது அந்த வயலின் பிரச்சினை. கேலிப்ரேட்டரெல்லாம் மேலே, நோயாளிகளெல்லாம் கீழே என்று இரண்டு மாடியாகப் பிரிந்திருந்தால் மேட்ரிக்ஸ், அதாவது மருந்தோடு கூட வரும் பிளாஸ்மாப் பொருள்கள், விளையாடுகிறது.

மெதுவான சரிவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மருந்துக்கும் ஐ.எஸ்.ஸுக்கும் உள்ள விகிதம் பார்த்துக் கணக்கிடுவதால் க்யூ.சி. (அளவு தெரிந்த சரிபார்ப்புச் சாம்பிள்) பாஸ் ஆகிக்கொண்டே இருக்கும். ஆனால் கடைசிப் பக்கம் 50 நானோகிராம் பீக் இரைச்சலோடு கலந்துவிடும். மிகக் குறைந்த அளவுக்கான பீக், வெற்றுப் பிளாஸ்மாவில் தெரிவதைப்போல் குறைந்தது 5 மடங்காவது இருக்க வேண்டும் என்பது மருந்தளக்கும் முறைகளுக்காக 2022இல் வந்த சர்வதேச வழிகாட்டியான ஐ.சி.எச். எம்10இன் விதி. அதற்குக் கீழே இறங்கினால் ரன்னை நிறுத்துங்கள். கோனையும் கர்ட்டன் தட்டையும் மெத்தனால்-தண்ணீர் கலவையில் துடையுங்கள். ரன்னின் முதல் நிமிடமும் பீக் முடிந்த பிறகான கழுவலும் டைவர்ட் வால்வு வழியாகக் கருவிக்குள் போகாமல் கழிவுக் குப்பிக்குத்தான் போகின்றனவா என்று பாருங்கள். பிளாஸ்மாவின் உப்பெல்லாம் அந்த முதல் நிமிடத்தில்தான் வெளியே வருகிறது.

ஒரே சாம்பிளில் ஐ.எஸ். விழுந்திருக்கிறது

அதே வயலை மறுபடி இன்ஜெக்ட் செய்யுங்கள். இந்தத் தடவை சரியாக வந்தால் இன்செர்ட்டின் அடியில் காற்றுக்குமிழி இருந்திருக்கும், அல்லது ஊசி தெளிவை எட்டியிருக்காது. விரல் நுனியால் வயலைத் தட்டிவிட்டு வைப்பது நல்ல பழக்கம்.

மறுபடியும் விழுந்தால் மருந்தின் பீக்கையும் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் குறைந்திருந்தால் விகிதம் காப்பாற்றிவிடும், ஆனாலும் புதிதாகப் பிரித்தெடுத்து உறுதி செய்யுங்கள். ஐ.எஸ். மட்டும் விழுந்து மருந்து பக்கத்துச் சாம்பிள்களைப் போலவே இருந்தால், ஐ.எஸ். சேராமலே போயிருக்கிறது; மல்டிசேனல் பிபெட்டில் ஒரு டிப் சரியாக உட்காராவிட்டால் இப்படி ஆகும். இந்தச் சாம்பிளின் எண் பொய்யாக உயர்ந்து தெரியும். ஐ.எஸ். கிட்டத்தட்ட இரண்டு மடங்காக இருந்தால் ஒரே குழியில் இரண்டு முறை ஊற்றியிருக்கிறார்கள், எண் பாதியாகத் தெரியும். பேட்ச்சின் சராசரி ஐ.எஸ்.ஸில் பாதிக்குக் கீழோ ஒன்றரை மடங்குக்கு மேலோ போன எந்தச் சாம்பிளையும் மறுபடி பிரித்தெடுக்காமல் ரிப்போர்ட் செய்வதில்லை என்று ஒரு வரம்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்த்த பிறகு வரம்பை முடிவு செய்தால் மனசு நமக்கு வசதியான பக்கம் சாயும்.

கேலிப்ரேட்டர் மேலே, நோயாளிகள் கீழே

இது சற்று ஆழமான விஷயம். கேலிப்ரேட்டரை நாம் எதில் செய்கிறோம்? பெரும்பாலும் ரத்த வங்கியில் காலாவதியான பிளாஸ்மாவில். அதில் சிட்ரேட் கரைசல் கலந்திருப்பதால் பிளாஸ்மா நீர்த்திருக்கும். நோயாளியின் டியூபில் ஈ.டி.டி.ஏ. அவர் காலையில் பூரி மசாலாவும் சாப்பிட்டிருப்பார், பிளாஸ்மா பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கும். இரண்டும் கருவிக்குள் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

முக்கிய எதிரி பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு வகை. அசிட்டோநைட்ரைலால் புரதம் விழும், பாஸ்போலிப்பிட்டில் பெரும்பங்கு தெளிவிலேயே தங்கிவிடும். அதைக் கண்ணால் பார்க்க ஒரு சுலபமான வழி: வழக்கமான முறையோடு 184→184, 496→184, 524→184 சேனல்களையும் சேர்த்து ஒரு நோயாளிச் சாம்பிளை ஓட்டுங்கள். 496உம் 524உம் லைசோபாஸ்பாட்டிடைல்கோலின்கள். இந்த மலைகள் இமாட்டினிப் பீக் வரும் இடத்தில் நின்றால், அல்லது போன இன்ஜெக்ஷனில் வெளியேறாமல் தங்கியது இந்த இன்ஜெக்ஷனில் வந்து விழுந்தால், அயனாவது அமுங்கும். இரண்டாவது வகைதான் ஏமாற்றும், முதல் சில சாம்பிள்கள் சரியாக வந்துவிடும்.

உறுதிப்படுத்தப் போஸ்ட்-காலம் இன்ஃப்யூஷன் இருக்கிறது. டி-இணைப்பு வழியாகத் தூய இமாட்டினிப் கரைசலைச் சிரிஞ்ச் பம்பில் தொடர்ந்து செலுத்திக்கொண்டே, மருந்தில்லாத பிளாஸ்மாவின் தெளிவை இன்ஜெக்ட் செய்யுங்கள். கோடு எங்கே குழிகிறதோ அங்கே அமுக்கம். நம் பீக் அந்தக் குழிக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

'டி8 ஐ.எஸ். இருக்கிறதே, அது எல்லாவற்றையும் ஈடு செய்யாதா' என்று கேட்பீர்கள். பெரும்பாலும் செய்யும். ஆனால் எட்டு டியூட்டீரியம் ஏறிய மூலக்கூறு சி-18 காலத்திலிருந்து கொஞ்சம் முந்தி வெளியே வரும். குழியின் சரிவு செங்குத்தாக இருந்தால், முந்தி வந்தது பள்ளத்துக்கு வெளியிலும் பிந்தி வந்தது உள்ளேயும் நிற்கும். அப்போது விகிதமே பொய் சொல்லும். பீக்கை அந்த இடத்திலிருந்து நகர்த்துவதுதான் தீர்வு: கிரேடியன்டை (ரன்னின்போது கரைப்பான் கலவை மாறும் விதத்தை) மாற்றுங்கள், கடைசியில் அசிட்டோநைட்ரைல் அதிகமுள்ள கழுவலை நீட்டுங்கள், அதிலும் போகாவிட்டால் ஐசோபுரோபனால் சேருங்கள். இன்ஜெக்ட் செய்யும் அளவைக் குறைப்பது பலருக்கு மனசு வராத வேலை. இமாட்டினிப் நூற்றுக்கணக்கான, ஆயிரக்கணக்கான நானோகிராமில் இருக்கும் மருந்து; 1 மைக்ரோலிட்டர் போதும், தாராளமாக. காசு இருந்தால் பாஸ்போலிப்பிட்டைப் பிடித்து வைக்கும் வடிகட்டித் தட்டு வாங்கலாம். நான் முதலில் கைவைப்பது கிரேடியன்டில்தான்.

கேலிப்ரேஷன் கோடு மேல் நுனியில் வளைகிறது, அல்லது ஐ.எஸ். மருந்தோடு சேர்ந்து ஏறுகிறது

மேல் நுனி மட்டும் தட்டையானால் டிடெக்டரோ ஸ்பிரேயோ நிரம்பிவிட்டது. குறைத்து இன்ஜெக்ட் செய்யுங்கள்.

கேலிப்ரேட்டரின் செறிவு கூடக் கூட ஐ.எஸ். பரப்பும் கூடினால் அது வேறு கதை. மேலே எழுதிய சேனல்களைத் திரும்பப் பாருங்கள். 494உம் 502உம் உடைந்தால் இரண்டுமே 394தான். மருந்து உடையும்போது மெத்தில்பைபரசீன் பகுதி கழன்று போகிறது. எட்டு டியூட்டீரியமும் அந்தப் பைபரசீன் வளையத்தில்தான் இருப்பதால் அவையும் கூடவே போய்விடுகின்றன. என்-டெஸ்மெத்தில் வளர்சிதைப்பொருளையும் (உடல் இமாட்டினிப்பை மாற்றி உண்டாக்குவது) அளப்பவர்களுக்கு 480→394 வேறு. அயனிகளை உடைக்கும் மோதல் அறையில் முன் சேனலின் 394 முழுதாக வெளியேறும் முன் அடுத்த சேனல் எண்ணத் தொடங்கினால், ஒன்றின் அயனி இன்னொன்றின் கணக்கில் ஏறிவிடும். பழைய கருவிகளில், சேனலுக்கு நடுவே இடைநிறுத்தம் மிகக் குறைவாக வைத்திருந்தால் இது நடக்கும்.

சோதனை எளிது. ஐ.எஸ். சேர்க்காமல் 5000 நானோகிராம் இமாட்டினிப்பை மட்டும் ஓட்டி 502→394 சேனலில் பீக் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் இடைநிறுத்தத்தைக் கூட்டுங்கள். அதைவிட நிம்மதியான வழி, மருந்துக்கு 494→217, ஐ.எஸ்.ஸுக்கு 502→225 என்று மாறிவிடுவது. 217 என்பது பைபரசீனைத் தாங்கிய பாதி, ஆகவே டியூட்டீரியம் கூடவே இருக்கும்; இரண்டு சேனலும் ஒன்றையொன்று தொடாது. சிக்னல் கொஞ்சம் குறையும், நமக்கு அது பொருட்டில்லை. 394ஐயே வைத்துக்கொள்கிறவர்களும் 217ஐச் சாட்சியாக ஓட்டலாம். நோயாளிச் சாம்பிளில் இரண்டின் விகிதம் கேலிப்ரேட்டரில் உள்ளதிலிருந்து விலகினால் பீக்கின் அடியில் வேறொன்று ஒளிந்திருக்கிறது.

வெற்றுப் பிளாஸ்மாவில் மருந்து தெரிகிறது

வெற்றை அடுத்தடுத்து ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டே போனால் கேரிஓவர், அதாவது முந்தைய சாம்பிளின் மிச்சம். இமாட்டினிப் காரத்தன்மை கொண்டது, இன்ஜெக்டரின் வால்விலும் ஊசியிலும் ஒட்டிக்கொள்ளும். ஊசி கழுவும் கரைசலில் அசிட்டோநைட்ரைலோடு ஃபார்மிக் அமிலமும் இருக்கட்டும். மிக உயர்ந்த கேலிப்ரேட்டருக்குப் பிறகு வரும் வெற்றில், மிகக் குறைந்த கேலிப்ரேட்டரின் 20 சதவீதத்துக்கு மேல் தெரியக் கூடாது.

குறையாமல் அப்படியே நின்றால், ஐ.எஸ். போடாத வெற்றையும் போட்ட வெற்றையும் ஒப்பிடுங்கள். போட்டதில் மட்டும் பீக் இருந்தால் நீங்கள் வாங்கிய டி8க்குள் டியூட்டீரியம் ஏறாத இமாட்டினிப் கலந்திருக்கிறது. ஐ.எஸ்.ஸின் செறிவைக் குறைத்தால் இதுவும் குறையும். இரண்டிலும் இருந்தால், வெறும் கரைப்பானிலும் இருந்தால், பிபெட்டோ மொபைல் ஃபேஸோ அசுத்தமாகிவிட்டது. ஸ்டாக் தயாரிக்கும் மேசையும் பிளாஸ்மா கையாளும் மேசையும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள்.

க்யூ.சி. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்குகின்றன

மேலும் கீழுமாகச் சிதறினால் பிபெட்டைப் பாருங்கள். எல்லா மட்டத்திலும் ஒரே சதவீதம் ஒரே பக்கம் என்றால் ஸ்டாக்கைப் பாருங்கள். அந்தச் சதவீதமே ஆளைக் காட்டிக்கொடுக்கும். கூடுதலாக 19, 20 பக்கமோ குறைவாக 16 பக்கமோ இருந்தால், யாரோ உப்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

நாம் தராசில் நிறுப்பது பெரும்பாலும் இமாட்டினிப் மெசிலேட். அதன் மூலக்கூறு எடை 589.7, மருந்து மட்டும் 493.6. பத்து மில்லிகிராம் நிறுத்துப் பத்து மில்லிலிட்டரில் கரைத்து 'மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம்' என்று லேபிள் ஒட்டினால், உள்ளே இருப்பது 0.837தான். இந்த ஸ்டாக்கில் கேலிப்ரேட்டர் செய்தால், உண்மையில் 850 நானோகிராம் உள்ள நோயாளி 1015 என்று வருவார். சிகிச்சை பலன் தரக் குறைந்தபட்சம் 1000 பக்கம் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் பார்க்கிறார்கள். பிழை சரியாக அந்தக் கோட்டின் மேல் உட்கார்ந்து குறைவானவரை நிறைவானவராகக் காட்டும். மாத்திரை அட்டையில் எழுதியிருக்கும் 400 மில்லிகிராம் உப்பை நீக்கிய கணக்கு என்பதையும் நினைவில் வையுங்கள். (இதே மெசிலேட் உப்பின் பீட்டா படிக வடிவத்துக்குத்தான் 2013இல் உச்ச நீதிமன்றம் காப்புரிமை மறுத்தது. உப்பா, படிகமா, மருந்தா என்ற கேள்விக்கு இந்த மருந்தின் கதையில் எப்போதும் விலை உண்டு.)

இதில் மோசமானது, க்யூ.சி.யையும் அதே ஸ்டாக்கிலிருந்து செய்திருந்தால் எல்லாம் அழகாக பாஸ் ஆகும், ஒரு விளக்கும் எரியாது. ஆகவே கேலிப்ரேட்டருக்கு ஒரு நிறுப்பு, க்யூ.சி.க்குத் தனி நிறுப்பு, முடிந்தால் வேறு ஆள். பாட்டில் மேல் 'மெசிலேட்' என்று எழுதினால் மட்டும் போதாது. திருத்திய செறிவையும் எழுதுங்கள்.

பீக் நகர்கிறது, பிரஷர் ஏறுகிறது, பீக்கே இல்லை

நம் ஊர் மே மாதத்துக்கு இந்தப் பகுதி. ஏசி ஒரு மணி நேரம் நின்றால் அறை எப்படி ஆகும் என்று வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூடி தளர்ந்த பாட்டிலிலிருந்து அசிட்டோநைட்ரைல் ஆவியாகும், பீக்குகள் ரன்னுக்கு ரன் பின்னே நகரும். தண்ணீர்ப் பக்க மொபைல் ஃபேஸைப் பழைய பாட்டிலில் மேலே மேலே ஊற்றி நிரப்பாதீர்கள், பாசி பிடித்து ஃபில்டரை அடைக்கும். பீக்கின் முன்பக்கம் இரண்டாகப் பிளந்தால் தெளிவைத் தண்ணீரால் நீர்க்காமல் ஏற்றியிருக்கிறார்கள். முக்கால் பங்கு அசிட்டோநைட்ரைல் உள்ள திரவத்தில் மருந்து சி-18 காலத்தின் தலையில் நிற்காமல் ஓடிவிடும்.

பிரஷர் ஏறினால் பம்ப் பக்கமிருந்து ஒவ்வொரு இணைப்பாகக் கழற்றிக்கொண்டு போங்கள், பெரும்பாலும் கார்டு காலத்தில் புரதத்தூள். பிரஷர் துடித்தால் செக் வால்வு ஒட்டியிருக்கும். மெத்தனாலில் போட்டு சோனிக்கேட் செய்யுங்கள்.

கரண்ட் போய் வந்த பிறகு பீக்கே இல்லை என்றால் வரிசையாகப் பாருங்கள்: நைட்ரஜன் வருகிறதா, டைவர்ட் வால்வு சரியான பக்கம் திரும்பியிருக்கிறதா, டார்ச் அடித்தால் ஸ்பிரே தெரிகிறதா. யு.பி.எஸ்.ஸில் மாஸ் ஸ்பெக்கை மட்டும் மாட்டி, நைட்ரஜன் ஜெனரேட்டரைச் சாதாரண லைனில் விட்டிருக்கும் ஆய்வகங்கள் உண்டு. வெற்றிடம் இறங்கியிருந்தால் ராத்திரி முழுக்கப் பம்ப் ஓடட்டும். காலையில் மாஸ் கேலிப்ரேஷன் பார்த்துவிட்டுத்தான் நோயாளிச் சாம்பிள்.

எல்லாம் பாஸ், எண் மட்டும் நம்பும்படி இல்லை

கருவி ஒழுங்கு, க்யூ.சி. ஒழுங்கு, ஐ.எஸ். கோடு சமம். நோயாளிக்கு 3200 வந்திருக்கிறது. போன தடவை 1100. மருத்துவர் போன் செய்து 'மெஷின் சரியா இருக்கா' என்கிறார்.

நமக்கு வேண்டியது அடுத்த மாத்திரைக்குச் சற்று முன், அதாவது 24 மணி நேரம் கழிந்த நிலையில் உள்ள அளவு. பலமநேரிலிருந்தோ சித்தூரிலிருந்தோ முதல் பஸ்ஸில் ஏறுகிறவர் என்ன செய்வார்? வயிற்றில் ஏதாவது போட்டுவிட்டுத்தான் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டிலேயே சாப்பிட்டு, மாத்திரையும் போட்டு, பஸ் ஏறுவார். கிறிஸ்டியான்பேட்டை செக்போஸ்ட் தாண்டி, டோக்கன் வாங்கி, ரத்தம் எடுக்கும்போது இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்கும். இமாட்டினிப் ரத்தத்தில் உச்சத்தைத் தொடுவது மாத்திரை போட்ட 2 முதல் 4 மணி நேரத்துக்குள். அந்த 3200 மிகச் சரியாக அளக்கப்பட்ட உச்சம்.

படிவத்தில் 'கடைசி மாத்திரை நேரம்' என்ற கட்டத்தில் 'காலை' என்றோ வெறும் டிக் குறியோ இருக்கும். அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. ரத்தம் எடுக்கிறவர் வாயால் கேட்க வேண்டும், நோயாளியின் மொழியில் கேட்க வேண்டும். சித்தூர்ப் பக்கத்தவர் என்றால் தெலுங்கில்.

"அம்மா, மாத்ர என்னி கண்டலக்கு வேசுகுன்னாரு?" (மாத்திரை எத்தனை மணிக்குப் போட்டீர்கள்?)

"இட்லி தின்னாக." (இட்லி சாப்பிட்ட பிறகு.)

"இட்லி எத்தனை மணிக்கு?"

"ஆறுக்கு."

இப்போது நமக்கு ஒரு நேரம் கிடைத்துவிட்டது. ரத்தம் எடுத்த நேரத்தையும் கடிகாரத்தைப் பார்த்து எழுதுங்கள். லேபிள் அச்சான நேரம் அதுவல்ல.

24 மணி நேரம் ஆகவில்லை, ஆனால் உச்சம் தாண்டி வெகுநேரம் ஆகிவிட்டது என்றால் ஓரளவு கணக்குப் போடலாம். இமாட்டினிப்பின் அரை ஆயுள் சுமார் 18 மணி நேரம். ராத்திரி மாத்திரை போடுகிறவருக்கு 15ஆவது மணி நேரத்தில் எடுத்த ரத்தத்தில் 1400 வந்தது என்று வையுங்கள். இன்னும் 9 மணி நேரம், அதாவது அரை ஆயுளில் பாதி. 1400ஐ 0.707ஆல் பெருக்கினால் 990. அளந்தது 1400, மதிப்பிட்டது 990 என்று ரிப்போர்ட்டில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள். மூன்றாவது மணி நேரத்தில் எடுத்ததற்கு இந்தக் கணக்கைப் போடாதீர்கள், அங்கே மருந்து இன்னும் ஏறிக்கொண்டிருக்கலாம். மாத்திரை தொடங்கியோ அளவு மாற்றியோ ஒரு வாரம்கூட ஆகாதவருக்கும் இது பொருந்தாது.

எண் எதிர்பாராமல் குறைந்திருந்தால் கூடவே என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேளுங்கள். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறவருக்கு உடலில் சேரும் இமாட்டினிப் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைந்துவிடும். வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமசெபின் மருந்துகளும் கீழே இழுக்கும். காசநோய் மருந்து வேறொரு ஊரில், வேறொரு அட்டையில் கிடைப்பதால் புற்றுநோய் மருத்துவருக்கே தெரியாமல் இருக்கலாம். கீட்டோகோனசோல் மறுபக்கம், ஏற்றிவிடும்.

மாத்திரை விட்டுப்போயிருக்கலாம் என்ற சந்தேகத்துக்கு வளர்சிதைப்பொருள் கொஞ்சம் கைகொடுக்கும். அதன் அரை ஆயுள் சுமார் 40 மணி நேரம். மருந்து வேகமாக இறங்கும்போது அது பின்தங்கி நிற்கும். வழக்கத்தைவிட அதன் பங்கு தூக்கலாக இருந்தால் சில நாள் மாத்திரை நின்றிருக்க வாய்ப்புண்டு. இதை மருத்துவரிடம் போனில் சொல்லுங்கள். தாளில் எழுதி நோயாளி கையில் கொடுத்தால் வீட்டில் சண்டைதான் வரும்.

ஜெல் உள்ள டியூபில் வந்த சாம்பிளை ஏற்காதீர்கள். சில மருந்துகளை ஜெல் உறிஞ்சும், நம் முறையை அதில் சோதித்திருக்கவும் மாட்டோம். இமாட்டினிப் வெப்பத்தைக் கொஞ்சம் பொறுத்துப்போகும் மருந்து. அதே தெர்மோகோல் பெட்டியில் பூசல்ஃபான் என்ற இன்னொரு மருந்துக்கான சாம்பிள் வந்தால் அந்தச் சலுகை கிடையாது, அது அறை வெப்பத்திலேயே சிதையும். ஐஸ் உருகியிருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

மருத்துவர் கேள்வி எழுப்பிய சாம்பிளை மறுபடி பிரித்தெடுத்து ஓட்டுங்கள். இரண்டு முடிவுக்கும் உள்ள வித்தியாசம் அவற்றின் சராசரியில் 20 சதவீதத்துக்குள் இருந்தால் முதல் எண்ணே நிற்கட்டும், இரண்டில் பிடித்ததைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. தாண்டினால் இரண்டையும் நிறுத்திவைத்துவிட்டு, ஐ.எஸ். படத்திலிருந்து தொடங்குங்கள். இதற்கு மிச்சப் பிளாஸ்மா வேண்டும். ஆகவே வந்த அன்றே இரண்டு குப்பியாகப் பிரித்து, ஒன்றைத் தொடாமல் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள்.